உடைமையும் பேணுதலும்

ஒரு பொருளை உடையவனுக்கு அதன்மேல் உரிமை உண்டு என்பதைச் சட்டமும் வழக்கும் ஒருங்கே ஒப்புக்கொள்கின்றன. அவன் அதைப் பயன்படுத்தலாம்; பிறர்க்குக் கொடுக்கலாம்; விற்கலாம்; வேண்டாமென்று தூக்கி எறியவும் செய்யலாம். ஆனால், உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு என்னும் பொதுவிதி பொருள்களின் திறத்திலும் செல்லுமா? பெற்றோர்க்கும் மக்கட்கும் அண்டை அயலார்க்கும் மனிதன் கடமைப்பட்டவன் என்பதில் ஐயமில்லை. வாயில்லா உயிர்களை வருத்தலாகாது என்பதும் பண்பட்டோர் உடன்பட்ட அறமே. உயிரும் உணர்வும் அற்ற ஓர் உலோகத் துண்டுக்கு ஒருவன் என்ன கடன்பட்டிருக்க முடியும்?

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக உள்ளன. பொருளுக்கு வலியில்லை; ஆகவே அதன்பால் கடமையும் இல்லை என்பது ஒன்று. பொருளைப் பேணினால் பேணுபவனுக்கே பயன். ஆகவே பேணுதல் என்பது அறமன்று, தன்னலக் கணக்கே என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு விடைகள் போலத் தோன்றினும் முடிவில் ஒன்றே. பொருளைப் பேணுவதில் அறம் என்று ஒன்று இல்லை என்பதே இரண்டின் சாரம்.

இம்முடிவு சரிதானா என்று சோதித்துப் பார்க்க வேண்டுமாயின், பயன் என்னும் காரணத்தை முற்றிலும் நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். பயனுள்ள பொருளைப் பேணுகிறவன் எதற்காகப் பேணுகிறான் என்பதைப் பிரித்தறிய முடியாது. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் சாலையில் அமைந்த காப்பார் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள மின் நிலையத்தில் ஒரு கொதிகலன் பழுதுபட்டால் அதன் விளைவு பல ஊர்களுக்கு எட்டும். எனவே அதைப் பேணுவதற்குக் காரணம் கேட்பார் இலர். முன்னாளில் தோட்டத்து ஆலையில் ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடாக்கிய உருளைகள் நின்றால் அன்றைய பால் வீணாகும். வேலைக்குச் செல்பவரின் மோட்டார் சைக்கிள் வழியில் நின்றால் ஒரு நாள் கூலி போகும். இங்கெல்லாம் எண்ணெய் இடுவதும் துடைப்பதும் வயிற்றுப்பாட்டோடு பிணைந்தவை. அறம் எது, அச்சம் எது என்று பிரிக்க இயலாது.

ஆனால், எவர் வயிற்றையும் நிரப்பாத ஓர் இயந்திரம் உண்டு. அது பொழுதுபோக்குக்காக மாதிரி விமானம் பறக்கவிடுவோர் கையாளும் சிறிய எஞ்சின். அது நின்றால் ஊர் இருளாது, கூலி குறையாது. ஆயினும், உலகின் பல நாடுகளில் இத்தகைய எஞ்சின்களை உடையோர் மன்றங்களாகக் கூடி, ஐம்பது அறுபது ஆண்டுப் பழமையுள்ளவற்றையும் ஓடும் நிலையில் வைத்திருக்கின்றனர். பயன் என்னும் திரை விலகிய இந்த இடத்தில் பேணுதலின் உண்மையான முகத்தைக் காணலாம்.

கட்டைவிரல் அளவில் ஒரு கருவி

இவ்வகை எஞ்சின்களில் புகழ்பெற்ற ஒன்று, அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சாண்டா அனா நகரில் லீராய் காக்ஸ் நடத்திய தொழிலகம் 1950-களில் வெளியிட்ட ‘பேப் பீ’ என்பதாகும். அதன் கொள்ளளவு 0.049 கன அங்குலம்; அதாவது ஏறத்தாழ 0.8 கன சென்டிமீட்டர். கட்டைவிரல் அளவே உள்ள அந்தப் பொறி நிமிடத்திற்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழல்கிறது. அதன் பிஸ்டனுக்கு வளையங்கள் இல்லை. பிஸ்டனும் சிலிண்டரும் மிக நுண்ணிய அளவில் ஒன்றோடொன்று பொருந்துமாறு கடையப்பட்டிருப்பதே அதன் உயிர்நிலை. அந்தப் பொருத்தத்தில் ஒரு மணல் துகள் புகுந்து கீறினால், இழந்த அழுத்தத்தைத் திரும்பப் பெறுவது அரிது.

பற்றவைக்கும் முறையும் வியப்புக்குரியது. கார்களில் உள்ளது போல மின்பொறி தெறிக்கும் ஏற்பாடு இதில் இல்லை. 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘குளோ பிளக்’ என்னும் முறையே பின்னர் உலகெங்கும் பரவியது. பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றை 1.5 வோல்ட் பேட்டரியால் முதலில் சூடாக்குவர். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். எரிபொருளிலுள்ள மெத்தனால் பிளாட்டினத்தின்மேல் படும்போது நிகழும் வேதிவினையும் எரிதலின் வெப்பமும் சேர்ந்து, அக்கம்பியை அணையாமல் காக்கும்.

எரிபொருளோ தமிழர் இல்லத்திற்கு உறவுடையது. மெத்தனாலோடு ஐந்தில் ஒரு பங்களவு எண்ணெய் கலப்பர். அந்த எண்ணெய் பெரும்பாலும் ஆமணக்கு எண்ணெய். பாட்டிமார் குழந்தைகளுக்கு மருந்தாகப் புகட்டிய அதே விளக்கெண்ணெய். கடும் வெப்பத்திலும் உலோகத்தின்மேல் படலமாக நிலைத்து நிற்கும் அதன் இயல்பை முதல் உலகப்போர்க் கால விமான எஞ்சின்களும் நம்பியிருந்தன. ‘காஸ்ட்ரால்’ என்னும் வணிகப் பெயரும் ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்ததே. விசை மிக வேண்டுவோர் நைட்ரோமீத்தேனும் சேர்ப்பர்.

காக்கும் எண்ணெயே கேடும் செய்யும் என்பது இக்கருவி புகட்டும் முதல் பாடம். ஓடும்போது பிஸ்டனைக் காத்த ஆமணக்கு எண்ணெய், எஞ்சினைத் துடைக்காமல் வைத்தால் பிசினாக இறுகி அதே பிஸ்டனைப் பூட்டிவிடும். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளின் எச்சத்தில் அமிலத்தன்மை தங்கும். ஆண்டு முழுவதும் ஈரம் சுமந்த காற்று வீசும் கிள்ளான், காப்பார் போன்ற கடலோர ஊர்களில், உலர்ந்த நாட்டார் காணாத விரைவில் எஃகுப் பேரிங்குகளில் துரு ஏறிவிடும். ஒரு வார இறுதியில் பறந்த எஞ்சின் அடுத்த மாதம் அசையாமல் கிடப்பதற்கு ஒரே ஒரு மாலை நேரத்து மறதி போதும்.

மகிழ்ச்சியின் மறுபக்கம்

அந்த மறதி எப்போது வருகிறது என்பது கவனிக்கத்தக்கது. விமானம் கீழே விழுந்து நொறுங்கிய நாளில் உடையவன் ஒவ்வொரு திருகையும் எடுத்துப் பார்ப்பான். மறதி வருவது விமானம் அழகாகப் பறந்து இறங்கிய நாளில்தான். வானத்தில் வட்டமிட்ட காட்சி கண்ணில் நிற்கிறது, நண்பர்கள் பாராட்டுகின்றனர், பொழுது சாய்கிறது, தேநீர்க் கடைக்குப் போக எல்லாரும் புறப்படுகின்றனர். அந்நேரத்தில்தான் தொட்டியில் எஞ்சிய எரிபொருளை வெளியேற்றி, எஞ்சினை ஒருமுறை ஓடவிட்டு வறளச் செய்து, இறக்கையில் வழிந்த எண்ணெயைத் துடைத்து, காற்று புகும் வாயிலும் பிளக் துளையிலும் இரண்டு துளி காப்பெண்ணெய் விட்டு, விசிறியைக் கையால் சிலமுறை சுழற்றி வைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. பாராட்டும் இல்லை, பார்ப்பவரும் இல்லை.

திருக்குறளில் ‘பொச்சாவாமை’ என்றோர் அதிகாரம் உண்டு. 54-ஆவது அதிகாரம் அது. மறதியின்மையை வள்ளுவர் ஓர் அறமாகவே எடுத்துப் பேசுகிறார். அவர் அங்கே அஞ்சுவது மகிழ்ச்சி மிகுதியால் வரும் சோர்வை என்பது சிந்திக்கத்தக்கது. துன்பம் மனிதனை விழிக்கச் செய்கிறது. இன்பமோ அவனை உறங்கவைக்கிறது. நாடாள்வோரை நோக்கிச் சொல்லப்பட்ட அவ்வுண்மை, ஒரு திடலின் ஓரத்தில் கந்தல் துணியோடு அமர்ந்திருப்பவனுக்கும் அப்படியே பொருந்துகிறது. பேணுதல் என்பது இன்பம் முடிந்த பின்னும் எழுந்து போகாமல் இருப்பது. ஒரு விருந்தில் உண்டவர் பலர்; பாத்திரம் கழுவியவர் யார் என்று கேட்டால் அந்த வீட்டின் அறம் விளங்கிவிடும்.

அறிவில்லாத பரிவு

பேணுவதற்கு அன்பு மட்டும் போதுமா என்னும் வினா அடுத்து எழுகிறது. போதாது என்பதை இச்சிறு கருவிகளே காட்டும். புதிய எஞ்சின் ஒன்றைப் பழக்குவதற்குப் பழைய முறை ஒன்றுண்டு. எரிபொருளை மிகுதியாகச் செலுத்தி, குளிர்ச்சியாகவும் மெதுவாகவும், சிறிது சிறிதாகப் பலமுறை ஓடவிடுவார்கள். இரும்புப் பிஸ்டனும் எஃகுச் சிலிண்டரும் கொண்ட எஞ்சினுக்கு இது மிகப் பொருந்தும். பின்னர் அலுமினியப் பிஸ்டனும், குரோமியம் பூசிய பித்தளை உறையும் கொண்ட வகை வந்தது. அதன் உறை மேற்பகுதியில் சற்றுக் குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். வெப்பமேறி உறை விரிந்தால்தான் பிஸ்டன் அங்கே உரசாமல் செல்லும். இவ்வகையை இரக்கத்தோடு குளிர்ச்சியாகவே ஓட்டிக்கொண்டிருந்தால், அந்த இரக்கமே அதைத் தேய்த்துவிடும். அதற்கு வேண்டுவது உரிய சூடு.

ஒருவருக்கு நன்மையானது மற்றொருவருக்கும் நன்மையாகவே இருக்கும் என்று கருதுவது பரிவின் பெயரால் நடக்கும் பிழை. தன் விருப்பத்தைப் பொருளின்மேல் ஏற்றிப் பார்க்காமல், அப்பொருளின் இயல்பு யாதென முதலில் கேட்டறிவதே பேணுதலின் தொடக்கம். பிள்ளை வளர்ப்பிலும் ஆசிரியப் பணியிலும் இவ்வுண்மை பலமுறை சொல்லப்பட்டதே. ஆயினும் பிள்ளைகளிடம் பிழைபட்டால் அதை மறைத்துப் பேச ஆயிரம் சொற்கள் உள்ளன. எஞ்சினிடம் அந்தப் பேச்சு எடுபடாது. தேய்ந்த உறை தேய்ந்ததே.

இறுகிப்போன எஞ்சினைத் திறப்பதிலும் இதே பாடம் உண்டு. பொறுமையற்றவன் குறடு கொண்டு தண்டைப் பிடித்துத் திருகுவான். பிசின் விடாது, தண்டு வளையும் அல்லது பிஸ்டன் கீறும். அறிந்தவனோ மிதமான சூடு காட்டுவான். பிசின் இளகும்வரை காத்திருப்பான். இளகியதும் எண்ணெய் விட்டு, விரலால் முன்னும் பின்னுமாக அசைப்பான். வன்மையால் திறவாத பூட்டை வெப்பமும் காலமும் திறக்கின்றன. பொறுமை என்பது செயலின்மை அன்று. சரியான காரணம் தன் வேலையைச் செய்ய இடம் விடுவது என்பதை இங்கே கையாலேயே தொட்டு அறியலாம்.

பெட்டியில் வைப்பதா, பறக்கவிடுவதா?

இனி இக்கட்டுரைப் பொருளின் கடினமான பகுதிக்கு வரலாம். காக்ஸ் தொழிலகம் கைமாறி, 1996-இல் எஸ்டஸ் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2009-இல் எஞ்சின் உற்பத்தி கைவிடப்பட்டு, எஞ்சிய கையிருப்பும் உதிரிப் பாகங்களும் தனியார் சிலருக்கு விற்கப்பட்டன. இலட்சக்கணக்கில் செய்து குவித்த பொருள், இனிப் புதிதாகப் பிறக்காத பொருளாகிவிட்டது. மேலும், 2000-க்குப் பின் மின்மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் மாதிரி விமானங்களில் பேரிடம் பிடித்தன. ஓசையும் எண்ணெய்க் கறையும் இல்லாத அவற்றை இளையோர் விரும்புவது இயல்பே.

காப்பாரில் ஒருவரிடம் அத்தகைய பழைய எஞ்சின் ஒன்று, ஒருமுறையும் ஓடாத நிலையில், தன் அட்டைப் பெட்டியோடு இருப்பதாகக் கொள்வோம். அவர் அதை ஓட்டலாமா? ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் அது தேயும். அந்த எஞ்சினில் குளோ கம்பிச் சுருள் சிலிண்டரின் தலையோடு ஒன்றாகவே அமைந்திருப்பதால், கம்பி எரிந்துபோனால் தலையையே மாற்ற வேண்டும். கீழே விழுந்தால் உடையவும் கூடும். ஓட்டாமல் வைத்தால் அது நூறாண்டும் புதிதாகவே இருக்கலாம். பேணுதல் என்பது கெடாமல் வைத்தலே என்றால், பெட்டியில் பூட்டி வைப்பவரே தலைசிறந்த பேணுநர் ஆகிவிடுவார்.

இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஓடாத சில எஞ்சின்கள் எங்கேனும் இருந்தால்தான், அவை முதலில் எப்படிச் செய்யப்பட்டன என்பதைப் பின்வருவோர் அளந்தறிய முடியும். அருங்காட்சியகம் என்பதன் நியாயமும் இதுவே. ஆனால், எல்லா உடைமையாளரும் இவ்வழி சென்றால் நேர்வது என்ன? எஞ்சின்கள் இருக்கும்; அவற்றை ஓட்டத் தெரிந்தவர் இருக்கமாட்டார். ஊசித் திருகை எவ்வளவு திறந்தால் ஓசை எப்படி மாறும் என்பதை எந்த நூலும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. அது காதிலும் விரலிலும் வாழும் அறிவு. ஓடும் எஞ்சின் அருகே நின்றாலன்றி அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லாது. பொருள் பெட்டிக்குள் கெடாமல் இருக்க, அதன் பொருள் வெளியே இறந்துபோகும்.

இந்த முரணுக்கு விடை, காப்பார் மண்ணில் வாழ்ந்த தமிழர் அறியாததன்று. ரப்பர் மரத்தைச் சீவியவர்களுக்கு அவ்விடை நாள்தோறும் கைவந்த ஒன்று. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற எச். என். ரிட்லி, மரத்தைக் கோடரியால் கொத்திக் காயப்படுத்தும் பழைய முறையை விட்டு, பட்டையை மெல்லியதாகச் சீவி அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறக்கும் முறையை வகுத்தார். பட்டைக்கு உள்ளே, மரக்கட்டையை ஒட்டி, உயிர்ப்படலம் ஒன்றுள்ளது. கத்தி அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இப்பால் நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. மிகுந்தால் மரம் காயப்படும். காயம் பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, பின்னர் அவ்விடத்தில் வெட்டவே முடியாது. சரியாகச் சீவிய இடத்திலோ சில ஆண்டுகளில் புதுப்பட்டை மூடி, மரம் மறுபடியும் பால் தரும். விடியற்கருக்கலில், தலைவிளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் காத்தவர்கள் தோட்டத்துப் பாட்டாளிகள்.

அங்கே பயன்படுத்துதலும் பேணுதலும் இரண்டு செயல்கள் அல்ல. ஒரே கத்தியின் ஒரே இழுப்பு. மரத்தைத் தொடாமல் விட்டவன் மரத்தைப் பேணியவன் அல்லன், அது காடாகும். ஆழ வெட்டியவன் பயன்பெற்றவன் அல்லன். அவன் நாளைய பாலைக் கொன்றவன். மீண்டும் பயன்படுத்தத்தக்க வகையில் பயன்படுத்துவதே பேணுதல். பெட்டியில் பூட்டியவனும் துடைக்காமல் எறிந்தவனும் இருவேறு துருவத்தில் நிற்பவர்போலத் தோன்றினாலும், இருவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவருமே பயனையும் காப்பையும் பிரித்துவிட்டனர்.

அதே எஞ்சின்தானா?

நெடுநாள் ஓடும் எஞ்சினில் பாகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் பிளக், பிறகு பேரிங், பிறகு பிஸ்டனும் சிலிண்டரும், ஒரு விபத்துக்குப் பின் உடற்கூடும் கூட மாறலாம். கடைசியில் முதற்பாகம் ஒன்றும் எஞ்சாதபோது, அது அதே எஞ்சின்தானா? பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸ் என்பவரின் கப்பலைப் பற்றிக் கிரேக்க அறிஞர்கள் வாதிட்டதைப் புளூட்டார்க் குறித்துவைத்துள்ளார்.

தமிழர் மரபில் இவ்வினா இவ்வளவு கடுமையாக எழவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோயிலுக்குத் திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது வழக்கம். கோபுரத்துச் சுதைகள் புதுப்பிக்கப்படுகின்றன, வண்ணம் மாறுகிறது, சிதைந்த கல் நீங்கிப் புதுக்கல் ஏறுகிறது. ஆனால் அது வேறு கோயில் என்று ஒருவரும் சொல்வதில்லை. அந்த இடைவிடாத கவனிப்பே அதனை ஒரே கோயிலாக நிறுத்துகிறது. அடையாளம் என்பது கல்லில் இல்லை. கல்லைக் கவனிக்கும் தொடர்ச்சியில் உள்ளது.

எனினும் இதனின்று ஒரு கடமை பிறக்கிறது. கைமாற்றும்போது, எவை பழைய பாகங்கள், எவை பின்னர் மாற்றியவை என்பதை உடையவர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வாங்குபவர் திறந்து பார்க்கமாட்டார்; பார்த்தாலும் அறியமாட்டார். வெளியே மெருகேற்றி, உள்ளே உள்ள கீறலை எண்ணெயால் மறைத்து விற்பது மிக எளிது. கெட்டியான எண்ணெய் சில துளி விட்டால், தேய்ந்த பிஸ்டனும் சற்று நேரம் நல்ல அழுத்தம் காட்டும். அந்தச் சில நிமிடப் பொய்யைப் பற்றி எஞ்சின் யாரிடமும் முறையிடாது. பேணுதலின் அறம் வாய்மையின் அறத்தோடு இணையும் இடம் இது.

மன்றத்தின் பொருள்

தனியொருவன் எவ்வளவு கருத்தாக இருந்தாலும் ஓர் எஞ்சினை நெடுநாள் காக்க முடியாது. உதிரிப் பாகம் ஒருவரிடம் இருக்கும். கடைசல் இயந்திரம் மற்றொருவரிடம் இருக்கும். பழைய அறிவு மூன்றாமவரிடம் இருக்கும். இம்மூன்றும் சந்திக்கும் இடமே மன்றம். காக்ஸ் எஞ்சினின் தலை கிடைப்பது அரிதானபோது, சாதாரணக் குளோ பிளக்கைப் பொருத்தத்தக்க மாற்றுத் தலைகளைச் செய்து தந்தோர் ஆர்வலர் வட்டத்தைச் சார்ந்தவர்களே. இங்கிலாந்தில் மில்ஸ் என்னும் பெயரில் 1946-இல் வந்த சிறிய டீசல் எஞ்சின், அங்கே நின்றுபோன பின்னும், கல்கத்தாவில் ‘அரோரா’ என்ற பெயரில் அதன் வடிவைப் பின்பற்றிச் செய்யப்பட்டு, இந்திய இளைஞர் பலர் கைகளில் ஓடியது. முதலில் செய்தவர் கைவிட்டாலும் கற்றுக்கொண்டவர் கைவிடாவிட்டால் ஒரு பொருள் அழிவதில்லை.

மன்றத்திலும் சோதனை உண்டு. ஒரே ஒரு தலை எஞ்சியுள்ளது, கேட்போர் இருவர். ஒருவர் மூத்தவர், பத்து எஞ்சின்களைச் சேர்த்து வைத்திருப்பவர். மற்றவர் இப்போதுதான் தொடங்கும் ஓர் இளைஞர். அவரிடம் உள்ளது ஒன்றே. மூத்தவரிடம் கொடுத்தால் அது பத்திரமாக இருக்கும். இளைஞரிடம் கொடுத்தால் அடுத்த மாதமே எரிந்துபோகலாம். எவருக்குக் கொடுப்பது? பாகத்தின் ஆயுளை மட்டும் எண்ணினால் விடை மூத்தவர் பக்கம். ஆனால் அந்த இளைஞர் வெறுங்கையோடு திரும்பிப் போனால், பாகங்கள் பத்திரமாகவே இருக்க, இருபது ஆண்டு கழித்து மன்றம் இருக்காது. எரிந்துபோன ஒரு தலையின் விலையில் ஒரு மனிதர் கற்றுக்கொள்கிறார் என்றால், அது இழப்பன்று, விதைப்பு. திருக்குறளின் 22-ஆவது அதிகாரமான ‘ஒப்புரவறிதல்’, தன்னிடம் உள்ளதை ஊரோடு சேர்த்து எண்ணிப் பார்க்கும் அறிவையே பேசுகிறது. அதனை ‘அறிதல்’ என்று வள்ளுவர் சொன்னது காரணத்தோடுதான். கொடுக்கும் மனம் மட்டும் போதாது. எவரிடம் கொடுத்தால் அது வாழும் என்னும் அறிவும் வேண்டும்.

இங்கே ஒரு வன்மையான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். மருந்துக்கும் படிப்புக்கும் வழியில்லாத குடும்பங்கள் இருக்கையில், வளர்ந்த மனிதர்கள் விளையாட்டு எஞ்சினுக்குப் பணமும் பொழுதும் செலவிடுவதை அறம் என்று அழைப்பது தகுமா? இம்மறுப்பில் உண்மையுண்டு, அதை மழுப்பலாகாது. பொருளின்மேல் உள்ள பரிவு, மனிதர்மேல் செலுத்த வேண்டிய பரிவுக்கு மாற்றாக வந்துவிடக் கூடும். எஞ்சினுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குபவன், நோயுற்ற தாய்க்கு ஐந்து நிமிடம் ஒதுக்காவிட்டால், அவன் பேணுதலைக் கற்றவன் அல்லன், பேணுதலில் ஒளிந்துகொண்டவன். எஞ்சின் எதிர்த்துப் பேசாது, குறை சொல்லாது, நன்றி எதிர்பார்க்காது. அதனாலேயே சிலருக்கு மனிதரைவிட எஞ்சின் இனிக்கிறது.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்றுண்டு. ஒருவர் தாம் பேணிய பொருளைப் பிறர் கையில் கொடுக்க அஞ்சுகிறாரா, கற்றுக்கொடுக்க விரும்புகிறாரா என்பதே அது. பற்று உள்ளங்கையை மூடுகிறது. பேணுதல் அதை விரிக்கிறது. விசிறியைச் சுழற்றும்போது விரல் படாமல் நிற்கும் முறையையும், மெத்தனால் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சிறுவன் ஒருவனுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருபவர், எஞ்சினை மட்டுமன்று, அச்சிறுவனின் கையையும் காக்கிறார். அங்கே விளையாட்டும் பொறுப்பும் வேறல்ல.

தோட்டங்களில் இத்தகையோர் முன்னாளில் இருந்தனர். பள்ளிப்படிப்பு மிகுதியாக இல்லாமலே, ஓசையைக் கேட்டு ஆலை எஞ்சினின் நோயறிந்தவர்கள் அவர்கள். ஆயுத பூசை நாளில் அவர்கள் ஸ்பேனரையும் சுத்தியலையும் கழுவிச் சந்தனம் இட்டபோது, உலோகத்தைத் தெய்வமென்று மயங்கி இடவில்லை. அந்தக் கருவியைச் செய்தவர், பழக்கியவர், அதனால் வாழ்ந்தவர் ஆகிய அனைவரின் உழைப்பையும் நினைந்து பணிந்தனர். ரப்பர் மரங்கள் செம்பனைக்கும், தோட்டங்கள் தொழிற்சாலைக்கும் குடியிருப்புக்கும் இடம்விட்டபோது, அந்த அறிவில் எவ்வளவு கைமாறியது, எவ்வளவு உடையவரோடு மறைந்தது என்பதைக் கணக்கிட எந்த ஏடும் இல்லை. அருகே நின்று கற்க ஒருவர் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய திறமையும் ஒரு தலைமுறையோடு முடிகிறது.

தொடக்கத்து வினாவுக்கு இப்போது விடை கூறலாம். உலோகத் துண்டுக்கு மனிதன் கடன்பட்டவன் அல்லன் என்பது உண்மையே. ஆனால், ஒரு பொருள் வெறும் உலோகத் துண்டாக ஒருவன் கைக்கு வருவதில்லை. அதில் கடைந்தவரின் கண்கூர்மை இருக்கிறது. முன்பு வைத்திருந்தவரின் கவனம் இருக்கிறது. இனி வாங்கப்போகும், இன்னும் பிறவாத ஒருவரின் எதிர்பார்ப்பும் இருக்கிறது. உடையவன் இவர்களுக்கு நடுவே சிறிது காலம் நிற்பவன். அவன் கடன்பட்டிருப்பது இவர்களுக்கே. அக்கடனை அவன் செலுத்தும் இடம்தான் அந்தப் பொருள். பயனற்ற ஒரு விளையாட்டு எஞ்சினில் இக்கடனைச் செலுத்தப் பழகியவனுக்கு, வீட்டிலும் தொழிலிலும் மொழியிலும் அதைச் செலுத்துவது புதிதாக இராது. பறந்து இறங்கிய பின், பொழுது சாயும் வேளையில், எல்லாரும் எழுந்து போகும்போது, துணியை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அமர்ந்திருக்க முடிகிறதா என்பதே அதற்குரிய தேர்வு.